இனி இது உங்களைத் தொந்தரவு செய்யாது

தன்னைப் பற்றி நாலு பேர் கேவலமாகப் பேசுவது தெரியாமல் ஒரு மனுஷி நிம்மதியாக இருக்க முடியுமா? தாராளமாக முடியும். அதற்கென்றே ஒரு நிறுவனம் இருந்தது, அந்த நிம்மதி கலையாமல் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தது. கோயம்புத்தூரில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்து அந்த வேலையைப் பார்த்தவன் பெயர் குணாளன். நத்தம் பக்கத்துக்காரன். முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. கல்யாணப் பேச்சை எடுக்கவும் வீட்டில் யாரும் மிச்சமில்லை.

நிறுவனத்தின் பெயர் பந்தல். சமையல், ரயில், பழைய நாணயம், மாடித்தோட்டம் என்று இணையத்தில் தமிழர்கள் கூடிப் பேசிய குழுக்களில் பெரும்பாலானவை அந்த வருடங்களில் பந்தலுக்குள்தான் இருந்தன. கூடிப் பேசினால் சண்டை வரும், சண்டை வந்தால் புகார் வரும். அந்தப் புகார்களை என்ன செய்கிறோம் என்று வேலையில் சேர்ந்த அன்றைக்கே மேலாளர் மேகலா அவனுக்குச் சொல்லிவிட்டாள். ஒளிவுமறைவு இல்லாத பெண்மணி அவள்.

"இப்பப் பாருங்க குணாளன். ஒருத்தரு வெறுப்பா ஒண்ணு எழுதறாரு. இன்னொருத்தரு புகார் குடுக்கறாங்க. நாம அதைத் தூக்கிட்டா எழுதினவரு கோர்ட்டுக்குப் போறாரு. தூக்கலைன்னா புகார் குடுத்தவங்க போறாங்க. ரெண்டு பக்கமும் சட்டம் இருக்குது. என்ன பண்ணுவீங்க?"

"யாரு சொல்றது சரின்னு பாக்கணுங்க."

"அதைப் பாக்கறதுக்கு முன்னெல்லாம் ஒரு மாடி நிறைய ஆளுங்க இருந்தாங்க. படிச்சுப் படிச்சு பாதிப் பேருக்கு உடம்பு கெட்டுப்போச்சு. மிசின்கிட்ட விட்டுப் பாத்தாங்க. அது பச்சையாத் திட்டறதைப் புடிக்கும். நம்மாளுங்க திட்டறதுக்குத் திட்டவா வேணும்? மரியாதையா ஒரு கேள்வி கேட்டாப் போதுமே."

"அப்புறம்?"

"அப்புறந்தான் 'இதம்'னு ஒரு ஏற்பாடு வந்துச்சு. எழுதினது எழுதின இடத்துலயே இருக்கும். புகார் குடுத்தவங்க கண்ணுக்கு மட்டும் தெரியாது. அந்த விசயத்தைப் பத்தி வேற யாரு எந்தப் பக்கம் பேசினாலும் அதுவும் அவங்களுக்கு வராது. ஞாபகப்படுத்தறதும் கஷ்டந்தானுங்களே? அவங்களுக்குப் பிரச்சினை தீந்துச்சு. எழுதினவரோட உரிமையும் போகல."

"நீக்கலைன்னு புகார் குடுத்தவங்களுக்குத் தெரியுங்களா?"

மேகலா சிரித்தாள். "நாம பொய் சொல்றதே இல்லீங்க. 'உங்கள் புகாருக்கு நன்றி. இனி இது உங்களைத் தொந்தரவு செய்யாது'ன்னுதான் அனுப்பறோம். செய்யறதில்லையே?"

குணாளனின் வேலை, இதம் ஒழுங்காக மறைக்கிறதா என்று பார்ப்பது. பிறந்தநாள் வாழ்த்தை மறைத்துவிடவும் கூடாது, வசவைக் காட்டிவிடவும் கூடாது. இதற்காகப் புகார் கொடுத்தவர்களை ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அவர்களைப் பற்றி எழுதப்பட்டு அவர்களுக்குத் தெரியாமல் போவதையெல்லாம் அவன் தினமும் படிக்க வேண்டும். அவர்களோடு பேசக் கூடாது. பேசினால் வேலை போய்விடும்.

அவனுக்கு ஒதுக்கப்பட்டவர்களில் ஒருத்தி சூரியகலா.

விருத்தாசலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். நாற்பதைத் தாண்டியவள். காலையில் வெறும் வயிற்றோடு வருகிற ஊராருக்கெல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவளிடம் யார் நின்று பேசப்போகிறார்கள்? தனியாக ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தாள். மொட்டைமாடி முழுக்க மிளகாய்ச் செடிகள் வைத்திருந்தாள். காந்தாரி, குண்டு, சம்பா, பெயர் தெரியாத ஊதா நிறத்து ரகம் ஒன்று. மாடித்தோட்டக் குழுவில் அவற்றின் படங்களைப் போடுவதுதான் அவள் நாளின் நல்ல பகுதி. குழுவில் அவள் பெயரே 'காரக்காரி'தான்.

பிரச்சினை ஒரு பாராட்டில் ஆரம்பித்தது. 'பசுமை நேசன்' என்ற பெயரில் எழுதுகிறவர், "அருமை சகோதரி. தங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டார். சொன்னாள். "அந்த ஊரில் எங்களுக்கும் உறவினர் உண்டு. தாங்கள் எந்தப் பக்கம்?" என்றார். சொன்னாள். "எந்தத் தெரு?" என்றார். காலனி என்று சொன்னாள். மறைக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. "மகிழ்ச்சி" என்று எழுதி, கும்பிடும் கை ஒன்றைப் போட்டுவிட்டு அவர் போய்விட்டார். பந்தலின் இயந்திரம் இந்த மொத்த உரையாடலுக்கும் 'பண்பானது' என்று முத்திரை குத்தியது. நம் ஊரில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் அதைப் படித்தால் எதற்காகக் கேட்கிறார் என்று புரியும். இயந்திரத்துக்கு ஊர் ஏது?

மறுநாளே 'வேலிக்காத்தான்' என்று ஒருத்தன் வந்தான். அவன் எழுதியதை இங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செடியைப் பற்றி ஆரம்பித்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற கையைப் பற்றி முடித்திருந்தான். சூரியகலா புகார் பொத்தானை அழுத்தினாள். 'இனி இது உங்களைத் தொந்தரவு செய்யாது' என்று பதில் வந்தது. சொன்னபடியே ஒரு தொந்தரவும் வரவில்லை.

வேலிக்காத்தானோ தினமும் எழுதினான். அவன் எழுதினால் பசுமை நேசன் வந்து, "கடுஞ்சொல் வேண்டாம் நண்பரே. ஆனால் விதை யார் கையிலிருந்து வருகிறது என்று பார்த்து வாங்குவது நம் பெரியோர் காட்டிய வழிதானே" என்று சமாதானம் செய்துவைப்பார். அதற்கும் 'பண்பானது' முத்திரை விழும்.

ஒரு நாள் சூரியகலா குழுவில் எழுதினாள்: "முன்ன நடந்த ஒரு விஷயத்தால இந்தக் குழுவை விட்டே போயிடலாம்னு நெனச்சன். நல்லவேளை போகல. எவ்வளவு நல்ல மனுஷங்க நீங்க எல்லாம்." அப்போது குணாளன் மதியச் சாப்பாட்டில் இருந்தான். அவள் எழுதிய அந்த வரிக்குக் கீழே, தாங்கள் எழுதுவது அவள் கண்ணில் படுவதில்லை என்று கண்டுகொண்ட ஒரு கூட்டம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்ததையும் அவன்தான் படிக்க வேண்டியிருந்தது. தயிர்சாதத்தை மூடி வைத்துவிட்டான்.

அவளுடைய ஒவ்வொரு செடியும் அவனுக்குத் தெரியும். அவளுக்கு எந்த மாதம் இருமல் வரும் என்று கூடத் தெரியும். இப்படி ஒருத்தன் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அறைக்குத் திரும்பி அவன் இதை யாரிடமும் சொல்ல முடியாது. வேலை ஒப்பந்தம் வாயைக் கட்டியிருந்தது. அவனுக்குப் பேச்சுத்துணை என்று அந்த ஊரில் எவரும் இல்லை. யாரோ ஒருத்தியை நோக்கி வீசப்பட்டதையெல்லாம் தான் ஒருத்தனே வாங்கிக் கட்டிக்கொள்வது போல இருந்தது. அழுகைகூட வந்தது. வெட்கப்பட என்ன இருக்கிறது?

யாருமே அவளுக்காகப் பேசவில்லையா என்றால், பேசினார்கள். காரைக்காலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், 'தூதுவளை' என்ற பெயரில், "தைரியம் இருந்தா அந்தப் பொண்ணு பேரைச் சொல்லிப் பேசுங்க. சுத்தி வளைக்காதீங்க" என்று மல்லுக்கு நின்றார். இன்னும் பலர் வந்தார்கள். வாதாடிப் பார்த்துவிட்டு, நாகரிகம் உள்ளவர்கள் செய்வதைச் செய்தார்கள். புகார் கொடுத்தார்கள். உடனே அவர்கள் கண்ணிலிருந்தும் அது மறைந்தது. பந்தல் நடவடிக்கை எடுத்துவிட்டது, இனி அந்தப் பொண்ணுக்குக் கஷ்டமில்லை என்று அவரவர் கத்தரிக்காயைக் கவனிக்கப் போய்விட்டார்கள். தூதுவளை அம்மாளுக்கு மட்டும் ஒரு மனத்தாங்கல். இவ்வளவு பேசினோமே, அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எழுதிவிட்டுக் குழுவுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். அவர் எழுதியதும் சூரியகலாவுக்குத் தெரியவில்லை, மனம் நொந்து போனதும் தெரியவில்லை.

இப்படியே ஒவ்வொரு நல்லவராக எழுந்து, சத்தம் போட்டு, பொத்தானை அழுத்தி, நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பேச்சு நடக்கும் இடத்தில் மிச்சமிருந்தது எழுதுகிறவர்களும், படித்துவிட்டு ஒன்றும் தோன்றாதவர்களும்தான். கடைசியில் புகாரே வருவதில்லை. வெறுப்பை ஒழித்ததற்காகப் பந்தலுக்கு ஒரு மேடையில் கேடயம் கொடுத்தார்கள். மேகலா எல்லாருக்கும் லட்டு வாங்கிக்கொடுத்தாள்.

அந்த வருடம் மாடித்தோட்டக் குழு திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விதைப் பகிர்வு நாள் வைத்தது. முதல்முறையாக எல்லாரும் நேரில் சந்திக்கப் போகிறார்கள். சூரியகலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மிளகாய் விதைகளை ரகம் ரகமாகக் காயவைத்து, சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களாக மடித்துப் படம் போட்டாள். அவளுக்குத் தெரியாத இடத்தில் பசுமை நேசன் எழுதினார்: "வரட்டும். யாரும் முகம் சுளிக்க வேண்டாம். விதையை மட்டும் கையில் வாங்காதீர்கள். வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பிறகு பார்த்துக்கொள்வோம்."

குணாளன் நேரே மேகலாவிடம் போனான்.

"மேடம், அவங்ககிட்ட சொல்லிரணும்ங்க. தெரியாம அங்க போயி நிக்கப் போறாங்க."

"என்னன்னு சொல்லுவீங்க?"

"உள்ளதைத்தான்."

மேகலா அவனை உட்காரச் சொன்னாள். "அவங்க சந்தோசமா இருக்காங்க குணாளன். அதைப் புடுங்கிட்டு, பதிலுக்கு அவங்களுக்கு நீங்க என்ன குடுப்பீங்க?"

அவன் எழுந்து கதவுப் பக்கம் நடந்தான்.

"நீங்க அங்க போனா, திங்கக்கிழமை இங்க வர வேண்டாம். நான் கோவத்துல சொல்லலீங்க."

அவன் ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்குப் பேருந்து ஏறினான்.

மண்டபத்தில் எல்லாரும் குழுப் பெயரைச் சட்டையில் குத்தியிருந்தார்கள். பசுமை நேசன் வெள்ளை வேட்டியில், முகம் நிறையச் சிரிப்போடு வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தார். பார்த்தால் நம் சித்தப்பா போல இருந்தார். அதுதான் குணாளனைக் கலங்கடித்தது. சூரியகலா புதுப் புடவையில் வந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "சார், எங்க ஊர்ல உங்க சொந்தக்காரங்க இருக்காங்கன்னு சொன்னீங்களே!" என்று ஓடிப்போய்ப் பேசினாள். அவரும் கைகூப்பினார்.

விதைகள் கைமாறின. அவரை, பீர்க்கை, புடலை என்று உள்ளங்கையில் கொட்டியும் முந்தானையில் வாங்கியும் ஒரே கலகலப்பு. சூரியகலா பொட்டலத்தை நீட்டியபோது பசுமை நேசன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மிளகாயைக் கையில வாங்கக் கூடாதும்மா. சண்டை வரும்னு சொல்வாங்க இல்ல? அப்படி மேசையில வச்சிடுங்க."

"ஐயோ ஆமா சார்! எங்க அம்மாகூட அப்படித்தான். உப்பு, மிளகாயெல்லாம் கையில குடுக்கவே விட மாட்டாங்க." சிரித்தபடி மேசையில் வைத்தாள். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்த அம்மாளும் சொன்னார். சூரியகலா ஒவ்வொரு தடவையும் சிரித்து, ஒவ்வொரு பொட்டலமாக மேசையில் வைத்துக்கொண்டே போனாள். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் வளர்த்திருக்கிறார்கள் என்று அவளுக்கு மகிழ்ச்சிகூட.

பொட்டலங்களை ஒருவரும் எடுக்கவில்லை. இரண்டு மேசை தள்ளி ஒரு பெரியவர் குண்டு மிளகாய் விதையைப் பசுமை நேசனின் உள்ளங்கையில் கொட்டியதைக் குணாளன் பார்த்தான். சூரியகலா அப்போது குனிந்து பொட்டலங்களைச் சீராக அடுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து நாற்காலியில் யாராவது வந்து உட்காரட்டும் என்று தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாயசம் வரும்வரை நாற்காலி காலியாகவே இருந்தது.

கூட்டம் கலையத் தொடங்கியபோது குணாளன் அவள் மேசைக்குப் போய்க் கையை நீட்டினான்.

"எனக்கு ஒரு பொட்டலம் குடுங்க."

"மேசையில வச்சிருக்கன் பாருங்க தம்பி, எடுத்துக்குங்க. கையில குடுத்தா சண்டை வரும்."

"வரட்டுங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் சட்டையில் பெயர் எதுவும் இல்லை.

மண்டபத்துக்கு வெளியே, செருப்புகள் கிடந்த படிக்கட்டில் உட்கார்ந்து அவன் எல்லாவற்றையும் சொன்னான். இதம் என்றால் என்ன, தான் யார், வேலிக்காத்தான் இன்னும் எழுதுகிறான், பசுமை நேசன் கையைப் பின்னால் கட்டியது எதற்காக. முடித்ததும் அவள் கேட்டாள்.

"ஒரு வருஷமா நீங்க இதைப் படிச்சிட்டு இருந்தீங்களா?"

"ஆமாங்க."

"நான் அங்க நல்ல மனுஷங்கன்னு எழுதினதையும் படிச்சீங்க."

"படிச்சேன்."

"எந்தத் தெருவுல நாய் கடிக்கும்னு தெரிஞ்சா நான் அந்தத் தெருப் பக்கம் போக மாட்டன் தம்பி. சின்ன வயசுலருந்து அப்படித்தான் பாத்துப் பாத்து நடந்து இந்த வயசுக்கு வந்திருக்கன். நீங்க எல்லாம் சேந்து என் கண்ணைக் கட்டி, நாய்க்கு நடுவுல சிரிச்சிக்கிட்டே நடக்க வுட்டுட்டீங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்காக ஒருத்தருமே பேசலியா?"

"நெறையப் பேரு பேசினாங்க. நீங்க நினைக்கிறதைவிட நெறைய. தூதுவளைன்னு ஒரு அம்மா, உங்களுக்காக அவ்வளவு சண்டை போட்டாங்க."

"எங்க அவங்கல்லாம்?"

"அவங்களும் புகார் குடுத்துட்டாங்க. இப்ப அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் சரியாப்போச்சுன்னு இருப்பாங்க. நீங்க இப்ப அதைப் பத்தி என்ன எழுதினாலும், தனியா அனுப்பினாலுங்கூட அவங்களுக்குப் போகாது. தூதுவளை அம்மா குழுவுக்கே வர்றதில்ல. அவங்க நிஜப் பேரு எனக்கும் தெரியாதுங்க."

அவள் தன் பையைத் திறந்தாள். "நான் படிக்கணும்" என்றாள்.

"வேண்டாங்க. நல்லா இருக்காது."

"நல்லா இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா? எப்படிப் படிக்கிறதுன்னு மட்டும் சொல்லுங்க."

புகாரைத் திரும்பப் பெற்றால் எல்லாம் தெரியும் என்று அவன் சொன்னான். அங்கேயே, அவன் எதிரிலேயே, செல்பேசியை எடுத்துத் திரும்பப் பெற்றாள். படிக்கத் தொடங்கினாள். அவன் தண்ணீர் வாங்கி வந்து பக்கத்தில் வைத்தான். அவள் குடிக்கவில்லை. விருத்தாசலம் பேருந்து வந்தபோது படித்துக்கொண்டே ஏறிப் போனாள். அவள் கொடுத்த ஒரு பொட்டலம் அவன் கையில் இருந்தது. மற்றவற்றை மண்டபத்துக்காரர்கள் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை குணாளனுக்கு வேலை இல்லை என்றாயிற்று. மேகலா தானே கீழ்வாசல் வரை வந்து வழியனுப்பினாள். அன்றைய அறிக்கையில் ஒரு வரி இருந்ததாகவும் சொன்னாள்: 'பயனர் மனநிறைவடைந்து தன் புகாரைத் திரும்பப் பெற்றார்.' சொல்லும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் பகலில், வேலைக்குப் போக வேண்டியில்லாத அறையில் உட்கார்ந்து, சாதாரண உறுப்பினனாகத் தன் சொந்தப் பெயரில் அவன் மாடித்தோட்டக் குழுவில் சேர்ந்தான். அவன் எந்தப் புகாரும் கொடுத்தவன் இல்லை. ஆகவே எல்லாமே தெரிந்தது. சூரியகலா எழுதியிருந்தாள்.

"தூதுவளை அம்மாவுக்கும் எனக்காகப் பேசின எல்லாருக்கும். நீங்க எழுதினதை ஞாயித்துக்கிழமைதான் படிச்சன். ஒவ்வொருத்தர் எழுதினதையும் ரெண்டு தடவை படிச்சன். அப்பவே தெரிஞ்சிருந்தா அப்பவே நன்றி சொல்லியிருப்பன். திமிர் புடிச்சவளுன்னு நெனச்சிருப்பீங்க. இல்லம்மா. இதுவும் உங்களுக்குத் தெரியப்போறதில்லன்னு தெரியும். சொல்லாம இருக்க முடியல."

அவள் நன்றி சொன்னவர்களில் ஒருவர் கண்ணுக்கும் அது போய்ச் சேராது. போய்ச் சேர்ந்தது மற்றவர்களுக்குத்தான். முதல் பதில் பசுமை நேசனுடையது. "வணக்கம் சகோதரி. நீண்ட நாள் கழித்து இந்தப் பக்கம் வந்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. நாங்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம்." அதற்கும் 'பண்பானது' முத்திரை விழுந்திருந்தது. அதற்குக் கீழே வேலிக்காத்தான். அவனுக்குக் கீழே இன்னும் பலர். இத்தனை நாள் அவள் காதில் விழாமல் பேசிப் பேசி அலுத்தவர்களுக்கு, இப்போது அவளே வந்து நிற்கிறாள். விடுவார்களா?

குணாளன் ஒவ்வொன்றாகப் படித்தான். இதைவிட மோசமானவற்றைச் சம்பளத்துக்குப் படித்தவன்தான். ஆனால் அப்போதெல்லாம் அவள் அதைப் படிக்கவில்லை. இப்போது அவன் படிக்கும் அதே வரியை அந்த நிமிடம் அவளும் படித்துக்கொண்டிருக்கிறாள். "நான் குணாளன். இங்கதான் இருக்கேன். படிச்சிட்டு இருக்கேன்" என்று எழுதினான். வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை. வேலிக்காத்தான் உடனே அவனையும் பிடித்துக்கொண்டான். நீ எந்த ஊர், எந்தத் தெரு என்று ஆரம்பித்து, அவன் அம்மா வரைக்கும் போனான். குணாளனின் பெருவிரல் தன்னால் பக்கத்திலிருந்த புகார் பொத்தானுக்குப் போனது. எந்த மனுஷனுக்கும் போகும்.

அப்போது சூரியகலாவின் பதில் வந்து விழுந்தது.

"தம்பி, அவன் என்ன எழுதினாலும் தயவுசெஞ்சு புகார் மட்டும் குடுத்துடாதீங்க. நீங்களும் போயிட்டா இங்க நான் மட்டுந்தான் இருப்பன்."